புதிதாக வந்த உலோகங்காட்டியும் எமது காணியும்

சென்ற சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, ஒரு ஞாயிறு பிற்பகல், குத்தகைக் காணியில் நெல் விதைத்துச் சீவிக்கும் ஒரு குடும்பத்தார் எம்மைத் தேடி வந்தனர். தகப்பன், தாய், இருபத்திரண்டு வயது மகன். மகனின் தோளில் ஒரு நீளப் பெட்டி. வெளிநாட்டிலிருக்கும் மருமகன் அனுப்பியதாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே தடிபோல ஒரு கம்பு, அதன் நுனியில் கோப்பித் தட்டளவு வட்டம், கைபிடியருகே சின்னத் திரை, காதுக்கு மாட்டும் கருவி. உலோகங்காட்டி. பெட்டியின்மேல் கடற்கரையில் ஒருவர் காசு பொறுக்கும் படம்.

அவர்களுடைய சொந்தக் காணி பளைக்கு அப்பால், முன்னரங்கு இருந்த பக்கம். மூன்று ஏக்கர் தென்னை. 2000ஆம் ஆண்டு யானையிறவுச் சண்டையோடு வெளிக்கிட்டவர்கள் இன்றுவரை அந்தக் காணிக்குள் கால் வைக்கவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை வேலியோரம் நிற்கிறது. "அண்ணை, இதை எப்பிடிப் பாவிக்கிறதெண்டு ஒருக்காச் சொல்லித் தாங்கோ. நாங்களே பாத்துத் துப்பரவாக்கினால் வாற மாரிக்குத் தென்னம்பிள்ளை வைக்கலாம்" என்றான் மகன். தாய் ஒன்றும் பேசவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் விளங்காமல் 'வேண்டாம்' என்று கேட்டவன், வீட்டுக்குப் போய்த் தனியே செய்து பார்ப்பான் என்பது எமது அனுபவம். எம்மோடு பணிபுரியும் இருவர் போர் முடிந்த பின் சில வருடங்கள் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் பெண். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். அவரையே பாடம் எடுக்கச் சொன்னோம். பொதுநோக்கு மண்டபத்து முற்றத்தில் அன்று நடந்த பாடத்தையே இங்கே எழுதுகிறோம். இதே பெட்டி வேறு வீடுகளுக்கும் வந்திருக்கக் கூடும்.

கருவி எப்படிக் கேட்கிறது

சைக்கிள் டைனமோவை எல்லோரும் அறிவோம். காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. உலோகங்காட்டியின் தட்டுக்குள்ளும் கம்பிச் சுருள் இருக்கிறது. பற்றறியிலிருந்து அதற்குள் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது தட்டைச் சுற்றிக் காந்தப் புலம் ஒன்று எழுந்தும் அடங்கியும் கொண்டிருக்கும். அந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கி ஓர் ஆணியைத் தொட்டால் அந்த ஆணிக்குள்ளும் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதுவும் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கும். தட்டு அதைப் பிடித்து ஒலியாக மாற்றுகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி வருவதுபோலத்தான். கருவிக்கு ஆணி தெரிவதில்லை. எதிரொலி மட்டுமே கேட்கிறது.

இதிலிருந்து மூன்று விடயங்கள் விளங்கும். பெரிய பொருளின் எதிரொலி பலமானது, ஆழத்திலிருந்தும் வரும். சிறிய பொருளுக்குத் தட்டு மிக அருகே போகவேண்டும். பொருள் என்ன என்பதைக் கருவி அறியாது. சன்னக்கோதும் சோடா மூடியும் மிதிவெடியின் ஊசியும் அதற்கு உலோகமே. உலோகமில்லாத எதையும் அது அறியவே அறியாது.

இந்தக் கருவியின் வரலாற்றில் பயிலுநர்களுக்கு அக்கா எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அமெரிக்க சனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய சன்னத்தைத் தேடுவதற்காக, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். ஆனால் சன்னம் அகப்படவில்லை. நோயாளி கிடந்த மெத்தைக்குள் உருக்குச் சுருள்கள் இருந்தன, கருவி குழம்பியது. அத்தோடு பொறுப்பான வைத்தியர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார், சன்னமோ இடப்பக்கம் இருந்தது. சனாதிபதி புரட்டாதியில் இறந்துபோனார். கருவியில் பெரிய பிழை இல்லை. சுற்றியிருந்த இரும்பை அகற்றாததும், இருக்கும் என்று நினைத்த இடத்தை மட்டும் தேடியதுமே பிழைகள். இன்று புதிதாகப் பழகுபவர்கள் விடுவதும் பெரும்பாலும் இதே இரண்டு பிழைகள்தான்.

பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரித்தானியாவில் தங்கியிருந்த கொசாட்ஸ்கி என்ற போலந்து நாட்டு அதிகாரி, ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மிதிவெடி காட்டும் கருவியைச் செய்துகொடுத்தார். அடுத்த ஆண்டு எகிப்தின் எல் அலமெயின் பாலைவனத்தில் அது பயன்பட்டது. இன்றைய கருவிகள் அதன் பேரப்பிள்ளைகள் எனலாம்.

முதல் நாள் செய்வது

மகன் உடனே கருவியைத் தூக்கி வீசத் தொடங்கினான். அது ஓயாமல் கத்தியது. அக்கா அவன் காலைக் காட்டினார். சப்பாத்தில் இரும்பு வளையங்கள். காற்சட்டைப் பையில் திறப்புக்கோர்வையும் கைத்தொலைபேசியும். இடுப்பில் பட்டிக் கொளுக்கி. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார். வந்தான். கத்தல் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது தட்டைப் பிடிக்கும் விதம். புதியவர்கள் கையை அசைக்கும்போது தட்டு ஊஞ்சல்போல இரு கரையிலும் மேலே எழும்பும். எழும்பும் இடத்தில் தேடல் இல்லை. தட்டு நிலத்துக்குச் சமாந்தரமாக, மண்ணில் முட்டாமல், ஆனால் இரண்டு விரல் இடைவெளிக்குமேல் விலகாமல் போகவேண்டும். வேகம், ஆறுதலாக மெழுகும் கையின் வேகம். சாணி மெழுகும்போது முதல் கோட்டின்மேல் பாதி ஏறித்தானே அடுத்த கோட்டை இழுக்கிறோம்? அதுபோலவே ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூடவேண்டும். இதைக் கேட்டதும் தாய் எழுந்து வந்து மகனிடமிருந்து கருவியை வாங்கினார். அன்று முற்றத்தில் மிகச் சரியாக வீசியவர் அவர்தான். மிதிவெடி அகற்றும் வேலையில் எமது பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்து நிலைத்ததற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணமென அக்கா சொல்வார். குடும்பத்தைத் தனியே தாங்கவேண்டிய நிலை இன்னொரு காரணம்.

பிறகு மண். வெளி மணலில் அமைதியாக இருக்கும் கருவி, செம்மண்ணில் சும்மாவே முனகும். செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்புச் சத்தே அதைக் குழப்புகிறது. கடலோர ஈரமணலில் உப்பு நீர் குழப்பும். ஆகவே தேடத் தொடங்குமுன் உலோகமில்லாத ஒரு துண்டு நிலத்தில் கருவியை மண்ணுக்குப் பழக்கவேண்டும். மிதிவெடி அகற்றும் குழுவினர் இதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. காலையில் பற்றறியைப் பார்த்து, கருவியை மண்ணுக்குச் சரிசெய்து, அளவறிந்த ஒரு சோதனைத் துண்டின்மேல் பிடித்து ஒலி கேட்கிறதா எனப் பார்த்த பிறகே பாதைக்குள் இறங்குவார்கள். இடைவேளை முடிந்து திரும்பும்போதும் மறுபடி சோதனை. நேற்றுக் கேட்டது என்பதற்காக இன்று நம்புவதில்லை.

ஒலி கேட்டால் அதன் நடுவைக் கண்டுபிடிப்பது அடுத்த பாடம். ஒரு பக்கமாக நகர்த்தி ஒலி தொடங்கும் இடத்தை மனதில் குறித்து, எதிர்ப் பக்கமிருந்தும் அப்படியே செய்து, பின் முன்னும் பின்னும் பார்த்தால் நான்கு கரைகள் கிடைக்கும். பொருள் அவற்றின் நடுவில். மகன் இதை விரைவில் பிடித்துக்கொண்டான். முற்றத்தில் அக்கா புதைத்து வைத்த பத்து ரூபாய்க் குற்றியையும் பால்பேணி மூடியையும் எடுத்துக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. தகப்பனும் சிரித்தார்.

சவர்க்காரப் பெட்டி

அப்போதுதான் அக்கா உள்ளே போய் ஒரு வெற்றுச் சவர்க்காரப் பெட்டியை எடுத்து வந்தார். பிளாஸ்திக்கு. பேனையொன்றைக் கழற்றி அதிலிருந்த மெல்லிய சுருளை ஒரு சிறு துண்டாக வெட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மூவரையும் மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு முற்றத்தின் ஒரு மூலையில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தார். திரும்பி வந்த மகனுக்கு அந்த மூலையை இரண்டு மீற்றர் சதுரமாகக் கயிறு கட்டிக் காட்டி, "தம்பி, இதுக்குள்ள ஒண்டு இருக்கு. எடு" என்றார்.

அவன் பழகியபடியே ஒழுங்காகத் தேடினான். சத்தமில்லை. இன்னொரு தடவை. சத்தமில்லை. மூன்றாம் தடவை தேடி முடித்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லை அக்கா" என்றான்.

அக்கா குனிந்து மண்ணைத் தள்ளிப் பெட்டியை எடுத்தார். அவன் இரண்டு முறை கால் வைத்த இடம் அது.

நாங்கள் ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏன் கேட்கவில்லை? காசும் நகையும் தேடுபவர்களுக்காகச் செய்த கருவிகளில் சிற்றிரும்பைத் தள்ளிவிடும் ஏற்பாடு உண்டு. ஆணிகளுக்கெல்லாம் கத்தினால் காசு தேடுபவருக்குச் சலிப்பு வரும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எமது மண்ணிலோ அந்தச் சிற்றிரும்பே உயிரெடுக்கும் பொருள். கடந்த போரில் புதைக்கப்பட்டவற்றுள் சீனத் தயாரிப்பான டைப் 72, பாகிஸ்தான் தயாரிப்பான பீ-4 ஆகியவற்றின் உடல் பிளாஸ்திக்கு. ஜொனி எனப்பட்டது சிறு மரப்பெட்டி. இவற்றில் உலோகம் சிறிதளவே. டைப் 72இல் மிகமிகச் சிறிதளவு. பிளாஸ்திக்கு உக்குவதில்லை. மரப்பெட்டியைக் கறையான் அரித்தாலும் வெடிமருந்து சாகாது. இருபது, முப்பது வருடம் கிடந்ததும் வெடிக்கும்.

"அப்ப அந்த ஏற்பாட்டை நிப்பாட்டிப்போட்டுத் தேடினால்?" என்று கேட்டான் மகன். நல்ல கேள்வி. நிறுத்திவிட்டுத் தேடச் சொன்னோம். சவர்க்காரப் பெட்டியின்மேல் கருவி ஒரு தரம் முனகியது, ஒரு தரம் முனகவில்லை. ஆனால் அதே சதுரத்துக்குள் வேறு முப்பத்தொரு இடங்களில் கத்தியது. தோண்டிப் பார்த்தால் ஆணி, சோடா மூடி, சிகரெட் ஈயத்தாள், கூரைத் தகரத்துண்டு, கம்பி முனைகள். அது எமது அமைதியான முற்றம். ஷெல் விழுந்த காணியில், பதுங்குகுழியும் மண் அணையும் இருந்த காணியில், ஒவ்வொரு அடியிலும் இரும்புத் துண்டும் சன்னக்கோதும் கிடக்கும். முப்பது ஆணி எடுத்தவனுக்கு முப்பத்தோராவது ஒலியும் ஆணியாகவே தோன்றும். 'இதுவும் ஆணிதான்' என்ற எண்ணம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு எழும்பி வா என்பதே தமக்கு முதல் கிழமை சொல்லித் தந்த விதி என்றார் அக்கா. கண்ணால் காணும்வரை ஒவ்வொரு ஒலியும் மிதிவெடி. பயிற்சி பெற்றவருக்கு முகமூடியும் காப்பங்கியும் உண்டு. பக்கத்தில் மேற்பார்வையாளர், காயப்பட்டால் உடனே தூக்க மருத்துவ உதவியாளர், வாகனம், ஆயத்தமாக நிற்கும். அப்படி இருந்தும் ஒரு நாளில் அவர் துப்பரவாக்குவது சில சதுர மீற்றர்களாகவே இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வடக்கில் பல இடங்களில் உலோகங்காட்டியை மட்டும் நம்ப முடியாது என்று கண்டு, 2002க்குப் பின் நீண்ட பிடியுள்ள வாரிகளைக் கொண்டு மேல் மண்ணை முழுதாகக் கிளறி எடுக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். காப்பங்கி அணிந்து, பக்கவாட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை வாரி எடுக்கும் முறை. நாம் தோட்டத்தில் வாரும் வாரி போன்றதுதானே என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். பெயர் ஒன்று, வேலை வேறு.

சட்டமும் உண்டு. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் புராதனப் பொருள் தேடித் தோண்டுவது குற்றம். இக்கருவியோடு பற்றைக்குள் நிற்பவரைப் பொலிசார் புதையல் தோண்ட வந்தவராகவே பார்ப்பர். பழைய இரும்பு பொறுக்கி விற்பதற்கென்று இதைக் கொண்டு திரிவதோ எல்லாவற்றிலும் மோசம். வெடிக்காத ஷெல்லும் பழைய இரும்பாகவே கிடக்கும்.

விவசாயியிடம் இருக்கும் கருவி

தகப்பன் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப நாங்கள் சும்மா இருக்கிறதோ?" என்றார். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். பிள்ளைகள் வளர்ந்து, தென்னைகள் தலை முறிந்து, உறுதி மட்டும் கையில் இருக்கும் மனிதரிடம் பொறுங்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் கூசும்.

ஆனால் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எந்தக் காணியில், எந்தப் பக்கத்தில் தேடவேண்டும் என்பதைத் தீர்மானிக்க, மிதிவெடிக் குழுக்கள் முதலில் செய்வது விசாரணை. ஊரவர் தரும் தகவலே அதற்கு அடிப்படை. இவ்விடயத்தில் எந்தக் கருவியும் காணிக்காரரை மிஞ்சாது. அன்று ஒரு தாளை விரித்து அவரை வரையச் சொன்னோம். கிணறு எங்கே, கிணற்றிலிருந்து வேலி எத்தனை பாகம், பழைய வண்டிப்பாதை எது, மண் அணை எந்தப் பக்கமாக வெட்டப்பட்டது, பதுங்குகுழி எத்தனை, எந்த வருடம் யார் அந்தப் பக்கம் இருந்தார்கள், எங்கே மாடு வெடித்துச் செத்தது, விறகுக்குப் போன எவர் எங்கே காயப்பட்டார். கை நடுங்க நடுங்க வரைந்தார். மாடு செத்த இடத்தைத் தாய் திருத்தினார்: அது கிணற்றுக்குக் கிழக்கே இல்லை, வடகிழக்கே, இலுப்பைக்குக் கீழே. ஊரை விட்டுப் போன இரண்டு குடும்பங்களுக்கும் கதைத்துக் கேட்கவேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டார்கள். காணிக்குள் போகாமலே, நினைவிலிருந்து வரைந்த படம். போய்ப் பார்த்து வரைய வேண்டாம் என்பதை மறுபடியும் சொல்லி வைத்தோம்.

அந்தப் படத்தின் பிரதியையும் காணி உறுதியின் பிரதியையும் இணைத்து, கிராம சேவையாளர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்கும், தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்தின் பிராந்திய அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினோம். காணி பட்டியலில் இருக்கிறதா, எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, எப்போது வேலை தொடங்கும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இலங்கை 2017 மார்கழியில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலங்களைத் துப்பரவாக்க 2028 ஆனி வரை தவணை. தவணை அரசாங்கத்தின் தவணை. கேள்வி கேட்கவேண்டியது காணிக்காரர். ஒருவராகக் கேட்பதிலும், பக்கத்துக் காணிக்காரர்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்பது நல்லது.

காணியைத் துப்பரவாக்கிக் கையளிக்கும் நாளில் வெறுமனே கையெழுத்து வைத்துவிட்டு வராதீர்கள். எதுவரை துப்பரவாக்கினார்கள் என்பதைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். எல்லைக் கற்களைப் பார்த்து வையுங்கள். எவ்வளவு ஆழம் வரை தேடினார்கள் என்று கேளுங்கள், ஏனெனில் தென்னங்கிடங்கு ஆழமாக வெட்டுகிறோம், கிணறு அதைவிட ஆழம். கூடவே நடந்து காட்டச் சொல்லுங்கள். குழுவினர் மனதார நடந்து காட்டுவார்கள். பின்னர் பற்றை எரிக்கும்போது தள்ளி நில்லுங்கள். வெடிக்காத பொருள் ஏதும் மிஞ்சியிருந்தால் நெருப்பில் வெடிக்கும். மாரி வெள்ளம் பக்கத்துக் காணி மண்ணை அரித்துக் கொண்டுவரலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஐயமான எதையேனும் கண்டால் தொடாமல், கல் எறியாமல், வந்த காலடியிலேயே திரும்பி, எட்ட நின்று அடையாளம் வைத்து, கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

பெட்டி இப்போது அவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அண்மையில் போனபோது விசாரித்தோம். குடியிருக்கும் வளவுக்குள் காணாமற்போன பேத்தியின் கொலுசு ஒன்றைத் தாய் அதைக் கொண்டு எடுத்தாராம். கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது. காணி பட்டியலில் உள்ளது, திகதி இன்னும் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

குழுக்களில் செய்து பார்க்க

ஒரு கிழமை முற்றம் கூட்டிய குப்பையை எறியாமல் சேர்த்து, சுளகில் கொட்டிப் புடையுங்கள். ஆணி, மூடி, ஈயத்தாள், கம்பி என்று எத்தனை உலோகத் துண்டுகள் தேறுகின்றன என எண்ணுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஓர் ஒலியாக நினைத்து, ஒலியொன்றுக்கு இருபது நிமிடம் என்று கணக்கிட்டால் உங்கள் முற்றத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும்? ஓர் ஏக்கருக்கு?

பின்னர் ஒவ்வொரு குடும்பமும் தமது பழைய காணியை நினைவிலிருந்து வரையட்டும். தாயும் தகப்பனும் தனித்தனித் தாளில் வரைந்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை? அந்த இடத்தை அறிந்த வேறு யார் இன்னும் இருக்கிறார்கள்?